கைவினைக் கத்திக்கேற்ற தோலுறை: வடிவமைப்பும் செய்முறையும்

முன்னுரை

ஓர் உறையில் இரண்டு கத்திகள் இருக்க முடியாது என்பது தமிழ் மக்களிடையே வழங்கிவரும் பழமொழியாகும். ஒத்துப்போகாத இருவரைக் குறிக்கவே நாம் இதனைப் பெரும்பாலும் எடுத்தாள்கிறோம். எனினும், இப்பழமொழியின் நேர்ப்பொருளிலேயே கைவினை சார்ந்த உண்மை ஒன்று பொதிந்துள்ளது. நன்கு செய்யப்பட்ட உறை ஒரேயொரு கத்திக்கு மட்டுமே உரியது. அக்கத்தியின் நீளம், அகலம், முதுகின் தடிப்பு, கைப்பிடியின் புடைப்பு ஆகியவற்றை அளந்து, அவற்றுக்கேற்பவே தோல் வெட்டப்படுகிறது. வேறொரு கத்தியை அதனுள் செருகினால் ஒன்று அது சிக்கிக்கொள்ளும். இல்லையேல் தளர்ந்து விழும்.

ஆலைகளில் ஆயிரக்கணக்கில் செய்யப்படும் கத்திகளுக்கு அவற்றுடனேயே உறையும் கிடைத்துவிடுகிறது. ஆனால் கொல்லர் ஒருவர் தனியொருவருக்கென அடித்துத் தீட்டிக் கொடுத்த கத்திக்குக் கடையில் உறை கிடைப்பதில்லை. அதனைக் கையாலேயே செய்ய வேண்டியுள்ளது. அவ்வாறு செய்வோர் பலரும் உறையை ஓர் அணிகலனாகவே கருதித் தோலின் நிறத்திலும் மேற்பரப்பு வேலைப்பாட்டிலும் கருத்தைச் செலுத்துகின்றனர். உறையின் உட்புற அமைப்பைப் பற்றி அவர்கள் எண்ணுவது குறைவு. இக்கட்டுரை அந்த உட்புற அமைப்பையே முதன்மையாகக் கொண்டு, தோலுறையை வடிவமைக்கும் முறையைப் படிப்படியாக விளக்க முற்படுகிறது. இத்தொழிலுக்குரிய தமிழ்ச் சொற்கள் குறித்தும் இறுதியில் சில கருத்துகள் முன்வைக்கப்படுகின்றன.

பிழைத்த உறை ஒன்று

எங்கள் பட்டறிவிலிருந்தே தொடங்குதல் பொருத்தமாகும். சில ஆண்டுகளுக்கு முன்னர் நாங்கள் முதன்முதலாகச் செய்த உறை, கைப்பை தைத்தபின் எஞ்சிய மென்தோல் துண்டால் ஆனது. தோலை இரண்டாக மடித்தோம். விளிம்பைப் பருத்தி நூலால் தைத்தோம். மேலே கருஞ்சாயம் பூசினோம். பார்வைக்கு அது அழகாகவே இருந்தது. ஆனால் கத்தியை உருவும் ஒவ்வொரு முறையும் அதன் கூர்விளிம்பு தையல் நூலை உரசிக்கொண்டே சென்றதை நாங்கள் அறியவில்லை. இரண்டு மாதங்களுக்குப் பின், உறையை இடக்கையால் இறுகப் பற்றிக் கத்தியை உருவியபோது, தையல் பிளந்து அலகு உள்ளங்கையில் இறங்கியது. பின்னர் எண்ணிப் பார்த்தபோது உறையில் ஏழு தையல்கள் அறுந்திருந்தன. மருத்துவர் கையில் நான்கு தையல்கள் போட்டார்.

அவ்வுறையில் மூன்று பிழைகள் இருந்தன. தோல் தவறானது, நூல் தவறானது, கூர்விளிம்புக்கும் தையலுக்கும் இடையே தடுப்பு எதுவும் இல்லை. இம்மூன்றையும் புரிந்துகொண்டால் உறை வடிவமைப்பின் பெரும்பகுதியைப் புரிந்துகொண்டதாகும்.

உறையின் கடமைகள்

கத்தியுறைக்கு நான்கு கடமைகள் உள்ளன. முதலாவது, கத்தியிடமிருந்து மனிதனைக் காத்தல். இரண்டாவது, தேய்மானம், மோதல், துரு ஆகியவற்றிலிருந்து கத்தியைக் காத்தல். மூன்றாவது, நடக்கும்போதும் குனியும்போதும் ஓடும்போதும் கத்தி நழுவாமல் பற்றிக்கொள்ளுதல். நான்காவது, வேண்டும்போது ஒரே கையால் எளிதில் உருவ இடங்கொடுத்தல். மூன்றாவதும் நான்காவதும் ஒன்றற்கொன்று முரணானவை என்பதை நாம் கவனிக்க வேண்டும். இறுகப் பற்றும் உறை எளிதில் விடாது. எளிதில் விடும் உறை இறுகப் பற்றாது. இவ்விரண்டுக்கும் இடையே சமநிலை காண்பதே வடிவமைப்பாளரின் வேலை எனலாம்.

இச்சமநிலையை ஒவ்வொரு நாட்டினரும் ஒவ்வொரு விதமாகக் கண்டுள்ளனர். பின்லாந்து மக்களின் பூக்கோ என்னும் கத்திக்கான உறையில், கைப்பிடியின் பெரும்பகுதி உறைக்குள்ளேயே அமர்ந்துவிடும். ஈரத்தோலைக் கைப்பிடியைச் சுற்றி இழுத்து, பின்புறத்தின் நடுவில் தைக்கின்றனர். அலகு இருக்கும் பகுதியினுள் மரத்தாலான உள்ளுறை ஒன்றை வைப்பது அவர்தம் மரபு. கூர்விளிம்பு தோலைத் தொடாமல் அம்மரமே தாங்கிக்கொள்கிறது. வார், பொத்தான் எதுவுமின்றிக் கைப்பிடியின் புடைப்பும் தோலின் இறுக்கமுமே கத்தியைப் பற்றி நிற்கின்றன.

அமெரிக்காவில் கைவினைக் கத்தித் தொழில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெருவளர்ச்சி கண்டது. அவ்வளர்ச்சியில் முதன்மையான இடம் பெற்றவர் பாப் லவ்லெஸ் (1929-2010). முதுகுக்கோடு முனையை நோக்கிச் சற்றே தாழ்ந்து செல்லும் வேட்டைக் கத்தி வடிவைப் பரவச் செய்தவர் அவரே. அதற்கென அவர் அமைத்த ஆழமான பை போன்ற தோலுறையும் பிற கைவினைஞர்களால் பரவலாகப் பின்பற்றப்பட்டது. இதில் தோல் கத்தியின் முதுகுப்புறத்தில் மடிந்து, கூர்விளிம்பின் பக்கமாகத் தைக்கப்படுகிறது. இக்கட்டுரையில் நாம் விளக்க எடுத்துக்கொள்வது இவ்வகை உறையையே.

நம் மலாய்த் தீவுலகில் மரமே உறைக்குரிய பொருளாக விளங்கியது. பாராங் கத்திக்கு இரண்டு மரப்பிளவுகளைக் குடைந்து, ஒன்றாக இணைத்துப் பிரம்பால் கட்டுவர். கிரிஸ் எனப்படும் குத்துவாளின் உறையும் மரத்தால் ஆனதே. ஈரக்காற்று ஆண்டு முழுவதும் வீசும் மண்ணில் தோலைவிட மரம் நெடுநாள் நிலைக்கும் என்பதை எண்ணினால் இத்தேர்வின் பொருத்தம் விளங்கும். தோலுறையை விரும்பும் நாம் அதற்கான கூடுதல் கவனத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டியுள்ளது.

தோலைத் தேர்ந்தெடுத்தல்

பச்சைத் தோல் அழுகக்கூடியது. அதனை அழுகாத பொருளாக மாற்றும் முறையே பதனிடுதல் ஆகும். இன்று பெருவழக்கில் உள்ள முறைகள் இரண்டு. மரப்பட்டை, காய், இலை ஆகியவற்றிலுள்ள துவர்ப்பொருளால் பதனிடுவது தாவரப் பதனீடு. குரோமிய உப்புகளால் பதனிடுவது குரோமியப் பதனீடு. இப்பின்னைய முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருவானது. தாவரப் பதனீட்டுக்கு வாரங்களும் மாதங்களும் தேவைப்பட, குரோமியப் பதனீடு ஓரிரு நாளில் முடிந்துவிடுவதால், உலகின் பெரும்பகுதித் தோல் இன்று குரோமியத்தாலேயே பதனிடப்படுகிறது. காலணி மேற்தோல், கைப்பை, மெத்தை உறை ஆகியவை பெரும்பாலும் இவ்வகையினவே.

கத்தியுறைக்குத் தாவரப் பதனீட்டுத் தோலே ஏற்றது. இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, இத்தோல் விறைப்பானது. தன் வடிவைத் தானே தாங்கி நிற்கும். இரண்டாவது, நீரில் நனைத்தால் களிமண் போல் இளகி, கத்தியின் உருவை ஏற்று, காய்ந்தபின் அவ்வுருவிலேயே இறுகிவிடும். குரோமியத் தோலுக்கு இப்பண்பு இல்லை. எத்தனை முறை நனைத்தாலும் அது மீண்டும் மென்மைக்கே திரும்பும். மூன்றாவது, குரோமியத் தோலில் எஞ்சியிருக்கும் உப்புகள் எஃகில் கறையையும் துருவையும் உண்டாக்கக்கூடும்.

தாவரப் பதனீட்டுக்கும் தமிழகத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆவாரம்பட்டையால் பதனிட்டுக் கடுக்காய் கொண்டு நிறைவு செய்யும் முறை அங்கு வழங்கியது. அவ்வாறு பதனிடப்பட்ட தோல் 19ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியத் தோல் என்னும் பெயரில் இலண்டன் சந்தைக்கு ஏற்றுமதியாயிற்று. ஆவாரம்பூவைக் குடிநீராகவும் குளியற்பொடியாகவும் அறிந்த நமக்கு, அச்செடியின் பட்டையே உலகச் சந்தையில் ஒரு தோலுக்குப் பெயர் வாங்கித் தந்தது என்னும் செய்தி வியப்பளிக்கலாம். பின்னர் வாட்டில் மரப்பட்டைச் சாறு ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. குரோமியப் பதனீடு பெருகியதனால் பாலாற்றுப் படுகையின் நிலமும் நீரும் கெட்டன. இது தொடர்பாக இந்திய உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. தாவரப் பதனீடும் கழிவற்ற தொழிலன்று; ஆயினும் குரோமியத்தால் விளையும் தீங்கு அதில் இல்லை.

தோலின் தடிப்பு அடுத்துக் கருதத்தக்கது. வணிகத்தில் இது அவுன்ஸ் கணக்கில் குறிக்கப்படுகிறது. ஓர் அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். நடுத்தரக் கத்திக்கு 8 அல்லது 9 அவுன்ஸ் தோல், அதாவது 3.2 முதல் 3.6 மில்லிமீட்டர் வரையிலான மாட்டுத்தோல் போதுமானது. விலங்கின் உடலில் எப்பகுதித் தோல் என்பதும் முக்கியம். முதுகுப்பகுதித் தோல் நெருக்கமான இழையுடையது. உறைக்கு அதுவே சிறந்தது. வயிற்றுப்பகுதித் தோல் மலிவாகக் கிடைப்பினும் இழுபடும் தன்மையது. நாளடைவில் உறை தளர்ந்துவிடும்.

தாள்வடிவம் அமைத்தல்

தோலை வெட்டும் முன் தடித்த தாளில் வடிவம் அமைத்தல் இன்றியமையாதது. தாளில் செய்த பிழையைத் திருத்தலாம். தோலில் செய்த பிழையைத் திருத்த இயலாது. விளக்கத்தின் பொருட்டு, அலகு 10 செ.மீ. நீளமும் 26 மி.மீ. அகலமும் முதுகில் 4 மி.மீ. தடிப்பும் கொண்ட வேட்டைக் கத்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கைப்பிடி 28 மி.மீ. அகலமும் 22 மி.மீ. தடிப்பும் உடையது. தோலின் தடிப்பு 3.2 மி.மீ.

தாளை நெடுக்குவாட்டில் மடித்து, மடிப்பை ஒட்டிக் கத்தியின் முதுகை வைக்கிறோம். மடிப்பின் மீதே முதுகை வைத்தல் கூடாது. தாளுக்குத் தடிப்பு இல்லை, தோலுக்கு உண்டு. முதுகைச் சுற்றி வளையும்போது தோல் தன் தடிப்புக்கும் கத்தியின் தடிப்பில் பாதிக்கும் இடம் கேட்கும். எனவே 5 மி.மீ. அளவு தள்ளி வைக்கிறோம். பின்னர்க் கத்தியின் உருவைச் சுற்றி வரைகிறோம். கூர்விளிம்பின் கோட்டிலிருந்து 2 மி.மீ. இடைவெளி, அதற்கப்பால் உள்வாருக்கு 10 மி.மீ. அகலம். ஆக, அலகுப் பகுதியில் மடித்த நிலையில் உறையின் அகலம் 43 மி.மீ. ஆகிறது.

கைப்பிடி அமரும் பகுதிக்கு இவ்வழி போதாது. 28 மி.மீ. அகலம் என்பது கைப்பிடியின் பக்கத்தோற்றம் மட்டுமே. தோல் அதன் புடைப்பையும் சுற்றிச் செல்ல வேண்டும். ஆகவே ஒரு தாள்நறுக்கைக் கைப்பிடியில் சுற்றி அதன் சுற்றளவை அளக்கிறோம். நம் எடுத்துக்காட்டில் அது ஏறக்குறைய 79 மி.மீ. வரும். இத்துடன் தோலின் தடிப்பை 3.14ஆல் பெருக்கி வரும் 10 மி.மீ.ரைச் சேர்த்தால் 89 மி.மீ. ஆகும். இரு பக்கமும் உள்வாருக்கான 20 மி.மீ.ரையும் கூட்டினால் விரித்த தோலின் அகலம் 109 மி.மீ. என்று கிடைக்கிறது. புதியவர்கள் செய்யும் பிழைகளுள் மிகுதியானது இக்கணக்கை விட்டுவிடுவதே. அலகுக்குச் சரியாக இருக்கும் உறையில் கைப்பிடி நுழையாது போவது இதனாலேயே.

உறையின் ஆழத்தையும் இந்நிலையிலேயே முடிவு செய்தல் வேண்டும். கைப்பிடியின் பாதிக்குமேல் உள்ளே அமர்ந்தால் வார் தேவைப்படாது. எஞ்சிய பகுதியை மூன்று விரல்களாலேனும் பற்ற இயல வேண்டும். கைக்காப்பு நீண்டிருக்கும் கத்தியாயின் அது ஆழமான உறைக்குள் நுழையாது. அத்தகைய கத்திக்கு உறையைக் கைக்காப்போடு நிறுத்தி, அழுத்துபொத்தான் வைத்த வார் ஒன்றைக் கைப்பிடியைச் சுற்றி அமைக்கலாம். பொத்தானின் உட்புற உலோகம் அலகைக் கீறாதபடி மென்தோல் துண்டால் அதனை மூடிவிட வேண்டும்.

உள்வார்

எங்கள் முதல் உறையில் இல்லாது போனது இவ்வுள்வாரே. இரண்டு தோல்மடல்களுக்கும் இடையே, தையல் ஓடும் விளிம்பு நெடுகிலும் வைக்கப்படும் தோற்பட்டையை இங்கு உள்வார் எனக் குறிக்கிறோம். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு இது விளிம்பில் ஒரு கோடாக மட்டுமே தோன்றும். ஆயினும் உறையின் உயிர்நாடி இதுவே.

உள்வார் இரண்டு பணிகளை ஆற்றுகிறது. கூர்விளிம்பு தையல் நூலின் மேல் படாமல் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. அலகின் தடிப்புக்கு வேண்டிய இடத்தை உறையினுள் உண்டாக்குகிறது. நம் கணக்கின்படி, உள்வாரின் வெளிவிளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே தையல் ஓடுமாயின், கூர்விளிம்புக்கும் நூலுக்கும் இடையே 7 மி.மீ. இருக்கும். கத்தி சற்றே சாய்ந்து நுழைந்தாலும் அது வெட்டுவது தோலை, நூலையன்று. உள்வாரின் தடிப்பு அலகின் தடிப்பை ஒத்திருத்தல் நலம். வாய்ப்பகுதியில் கைப்பிடியின் தடிப்பு மிகுவதால், அங்கு மட்டும் இரண்டாவது பட்டை ஒன்றை ஆப்பு வடிவில் சீவிச் சேர்க்கலாம்.

இடுப்பு வளையமும் வாயும்

உறையை இடுப்புவாரில் கோக்கும் வளையத்தைப் பின்மடலின் நீட்சியாகவே விட்டு, மடித்துத் தைக்கலாம். தனித் துண்டாகவும் வைக்கலாம். எவ்வாறாயினும் உறையை மடித்துத் தைப்பதற்கு முன்பே இதனைத் தைத்துவிட வேண்டும். மடித்தபின் உட்புறத்திற்கு ஊசி செல்லாது. 38 மி.மீ. அகல இடுப்புவாருக்கு வளையத்தின் உள்ளிடம் 44 மி.மீ. அளவேனும் இருத்தல் வேண்டும். உட்புறத்தில் தெரியும் நூல் பள்ளத்தில் அமிழ்ந்திருக்க வேண்டும். இல்லையேல் கத்தியின் முனை நுழையும்போதெல்லாம் அந்நூலைக் குத்தும்.

வளையத்தின் உயரம் அணிபவரின் வாழ்க்கையோடு தொடர்புடையது. நின்று நடப்பவர்க்குக் கைப்பிடி இடுப்புவாருக்கு மேல் நிற்பது தடையன்று. வண்டியில் அமர்ந்து செல்பவர்க்கு அது விலா எலும்பில் குத்தும். அவருக்கு வளையத்தை நீட்டி உறையைத் தாழத் தொங்கவிட வேண்டும். இடக்கைப் பழக்கமுடையவர்க்கு வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பி வெட்ட வேண்டும். இவற்றையெல்லாம் கத்தியைப் பார்த்து அறிய இயலாது. கத்திக்குரியவரைக் கேட்டே அறிய வேண்டும். உறையின் வாய் சற்றே விரிந்திருத்தல் நலம். முனை எங்கு நுழைகிறது என்று பாராமலேயே கத்தியைத் திருப்பி வைக்கப் பழகியவர்க்கு இவ்விரிவே காப்பாகும். அடிமுனையில் சிறு துளை ஒன்று விட்டால் மழைநீர் வடியும்.

தையல்

உள்வாரையும் இரு மடல்களையும் முதலில் பசையால் ஒட்டி, விளிம்பைச் சமமாகத் தேய்த்துக்கொள்கிறோம். தையல் ஓடும் கோட்டில் ஆழமில்லாப் பள்ளம் ஒன்றைக் கீறினால், நூல் அதனுள் அமிழ்ந்து தேய்மானத்திலிருந்து தப்பும். பள்ளத்தில் 4 மி.மீ.க்கு ஒன்றாகப் புள்ளியிட்டு, குத்தூசியால் துளையிடுகிறோம். மூன்று அடுக்குத் தோலும் சேர்ந்து ஒரு செ.மீ. அளவு தடித்திருப்பதால் குத்தூசியைச் செங்குத்தாகப் பிடித்தல் வேண்டும். சாய்த்துப் பிடித்தால் பின்புறத் தையல் கோணலாகி, சில இடங்களில் கூர்விளிம்பை நெருங்கிவிடும்.

உறைக்குரிய தையல் சேணத்தையல் ஆகும். குதிரைச் சேணம் செய்வோரின் தையலாதலின் இப்பெயர் பெற்றது. ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகளைக் கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்தி இறுக்குவர். இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் நடுவில் ஒன்றையொன்று கொக்கியிட்டு நிற்கின்றன. ஓரிடத்தில் அறுந்தால் அடுத்தடுத்த தையல்களும் தளரும். சேணத்தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றொன்று அதே துளைகளில் ஓடிக்கொண்டிருப்பதால் தையல் பிளவதில்லை. ஆகவே உயிர்க்காப்பு வேண்டிய இடங்களில் கைத்தையலுக்கு இணையில்லை. நூல் தேன்மெழுகு ஏற்றிய ஆளிநாராகவோ வலிய செயற்கை நாராகவோ இருக்கலாம். பருத்தி நூல் ஈரத்தில் மட்கும். 20 செ.மீ. நீளத் தையலுக்கு 50 தையல்கள் வரும்; தடித்த தோலாதலின் தையல் நீளத்தைப்போல் நான்கைந்து மடங்கு நூல், அதாவது ஒரு மீட்டர் அளவு வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு மூன்று தையல்களைத் திரும்பத் தைத்து நிறுத்துவது வழக்கம்.

ஈரத்தில் உருவேற்றல்

தைத்து முடித்த உறை இன்னும் தட்டையான பையாகவே இருக்கும். அதனைக் கத்தியின் உருவுக்குக் கொண்டுவருவது இக்கட்டமே. வெந்நீர் கூடாது, ஈரத்தோல் வெப்பத்தில் சுருங்கி முறுகிவிடும். அறை வெப்பநிலையிலுள்ள நீரில் உறையைச் சிறிது நேரம் அமிழ்த்தி எடுக்கிறோம். கத்தியில் எண்ணெய் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றி உள்ளே செருகுகிறோம். பின்னர்க் கட்டைவிரல்களாலும் வழவழப்பான எலும்புத் துண்டாலும் கைப்பிடியின் கழுத்தைச் சுற்றித் தோலை அழுத்தி, அதன் வளைவுகளைத் தோலில் பதிக்கிறோம். நகம் பட்டால் அத்தடம் நீங்காது. கைப்பிடியின் புடைப்புக்குப் பின்னுள்ள ஒடுக்கத்தில் தோல் எவ்வளவு நன்றாகப் படிகிறதோ அவ்வளவுக்கு உறை கத்தியைப் பற்றும். மேலே நாம் குறிப்பிட்ட முரணுக்குத் தீர்வு இங்கேயே கிடைக்கிறது. இழுக்கும் விசை சிறிதாயின் ஒடுக்கம் விடாது. கை உறுதியாக இழுத்தால் தோல் சற்றே விரிந்து விட்டுக்கொடுக்கும்.

உரு நிலைத்ததும் கத்தியை எடுத்துவிட்டு, நிழலில் காற்றோட்டமாக உலரவிட வேண்டும். உலர்ந்த நாட்டில் ஒரு நாள் போதும். நம் நாட்டில் இரண்டு மூன்று நாள்களேனும் ஆகும். வெயிலிலும் அடுப்பருகிலும் வைத்தால் தோல் வெடிக்கும். உலர்ந்தபின் சாயம் ஏற்றி, விளிம்புகளின் முனைகளைச் சீவி, ஈரம் தொட்டு மரக்கட்டையால் தேய்த்தால் மூன்று அடுக்குகளும் ஒன்றெனத் தோன்றும் மெருகு உண்டாகும். அதன்மேல் தேன்மெழுகு பூசுதல் நீரைத் தடுக்கும். எண்ணெயை அளவோடு பயன்படுத்த வேண்டும். மிகுந்தால் தோல் இளகி, பதித்த உரு கெடும்.

பயன்பாடும் பாதுகாப்பும்

உறை என்பது கத்தியைச் சுமக்கும் இடம். நெடுங்காலம் சேமிக்கும் இடமன்று. தாவரப் பதனீட்டுத் தோலில் உள்ள துவர்ப்பொருளும் அது காற்றிலிருந்து உறிஞ்சும் ஈரமும் சேர்ந்து கரிம எஃகைக் கறைப்படுத்தும். பித்தளைக் கைக்காப்பில் பச்சைக் களிம்பு படியும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் உறையே பூசணம் பிடிக்கும். ஆகவே பயன்படுத்தியபின் கத்தியைத் துடைத்து எண்ணெயிட்டுத் தனியாகவும், உறையைக் காற்றோட்டமான இடத்திலும் வைத்தல் நன்று.

கத்தியை உறையிலிட்டுப் பொது இடங்களில் அணிந்து செல்வதற்குச் சட்டம் வரையறை விதித்துள்ளது என்பதையும் குறிப்பிட வேண்டும். மலேசியாவில் அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் குறித்த 1958ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குரியது. காட்டிலும் தோட்டத்திலும் படகிலும் தொழில் நிமித்தம் பயன்படுத்தப்படும் கருவியை மனத்திற்கொண்டே இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது.

சொல்லும் தொழிலும்

இக்கட்டுரையை எழுத முற்பட்டபோது எங்களுக்கு எதிர்ப்பட்ட இடர்ப்பாடு செய்முறை பற்றியதன்று, சொல் பற்றியது. தோலுக்குத் தமிழில் அதள், உரி, பச்சை எனப் பழஞ்சொற்கள் பல உள. தைத்தலுக்குத் துன்னல் என்னும் சொல் உண்டு. சிலப்பதிகாரம் புகார் நகரின் தொழிலாளரை வரிசைப்படுத்தும் இடத்தில் தோல் தைக்கும் துன்னரையும் சேர்த்தே கூறுகிறது. எனினும் உறையின் உள்ளே வைக்கும் பட்டைக்கு எழுத்துத் தமிழில் சொல் தேடியபோது நாங்கள் கண்டடைந்தது எதுவுமில்லை. உள்வார் என்பது எங்கள் ஆக்கமே.

இதற்குக் காரணம் தொழில் இல்லாமையன்று. தமிழகத்தில் செருப்பும் சேணமும் கமலை இறைப்புக்கு வேண்டிய தோற்பையும் தைத்த கைகள் பல தலைமுறைகளாக இருந்துவந்துள்ளன. தைத்தவர்க்கு ஒவ்வொரு மடிப்புக்கும் ஒவ்வொரு கருவிக்கும் பெயர் இருந்திருக்கும். ஆனால் தோலைத் தொடும் கையைத் தாழ்ந்த கை என்று சமூகம் ஒதுக்கிவைத்தது. அக்கைக்கு எழுத்தறிவும் மறுக்கப்பட்டது. எழுதியவர் தோலைத் தொடவில்லை. தோலைத் தொட்டவர் எழுத இடம்பெறவில்லை. அதனால் தோற்பொருள்களை நாம் தடையின்றிப் பயன்படுத்தினோம். அவற்றைச் செய்யும் அறிவு மட்டும் நூலேறாது போயிற்று. சென்னையில் 1948ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோல் அறிவியலைப் பெரிதும் வளர்த்துள்ளது. ஆயினும் கைவினைஞரின் வாய்மொழிச் சொற்களைத் திரட்டுதல் மொழித்துறையினரின் கடமையாகும். பின்லாந்தினர் தம் கத்தியுறையின் ஒவ்வோர் உறுப்புக்கும் தம் மொழியிலேயே பெயர் வைத்து எழுதிக் கற்பிக்கின்றனர். நாம் அதனைச் செய்ய இயலாமைக்குத் தமிழின் குறை காரணமன்று.

முடிவுரை

கத்தியின் தரம் அதன் எஃகாலும் தீட்டலாலும் அறியப்படுகிறது. உறையின் தரம் வெளியே தெரியாத உள்வாரின் அகலத்தாலும், துளையில் இரு முறை ஓடும் நூலாலும், அளந்து விடப்பட்ட சில மில்லிமீட்டர் இடைவெளியாலும் அமைகிறது. உறை செய்ய விழைவோர் முதலில் தாவரப் பதனீட்டுத் தோலைத் தேடுக, தாளில் வரைந்து பார்க்க, அணிபவரைக் கேட்டறிக, உள்வாரை ஒருபோதும் விட்டுவிடற்க. தமிழ் மாணவர்களோ ஒரு படி மேலே சென்று, தம் ஊரில் இன்றும் தோல் தைக்கும் முதியவர் எவரேனும் இருப்பின் அவரிடம் அமர்ந்து, அவர் கையிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் அவர் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வாராக. நாங்கள் உள்வார் என்று ஆக்கிக்கொண்ட சொல்லுக்கு அவரிடம் இதனினும் நல்ல சொல் இருக்கக்கூடும். அவ்வாறு ஒரு சொல் கிடைக்குமாயின், எங்கள் சொல்லைக் கைவிட்டு அதனையே ஏற்றுக்கொள்வோம்.